அறுபது விநாடி

1994ஆம் ஆண்டு ஜூலை மாதத்துச் சனிக்கிழமை ஒன்றில், எங்கள் தமிழ் விளையாட்டுக் கழகத்தின் முதலாவது விளையாட்டு விழா காலை ஒன்பது மணிக்குத் தொடங்கும் என்று நோட்டீஸ் அடித்திருந்தார்கள். ஒன்பது மணிக்கு மைதானத்தில் ஒரேயொருவர்தான் நின்றார். அவர் தமிழரும் இல்லை, ஜேர்மன்காரரும் இல்லை. ஜேர்மனியின் பீலெஃபெல்ட் நகரில் அந்த மைதானத்தைப் பராமரித்துக்கொண்டிருந்த ஒல்லாந்துக்காரர். படலைப் பூட்டின் திறப்பு அவரிடம்தான் இருந்தது.

பெயர் ரூலொஃப். பின்னாளில் என் மாமனார், என் மகளின் தாத்தா. அன்று எனக்குப் பதினாலு வயது. நாங்கள் குடும்பத்தோடு பதினொரு மணிக்குப் போய்ச் சேர்ந்தோம், அதுவும் நேரத்துக்கு வந்துவிட்ட பெருமையோடு. படலையில் சைக்கிளைச் சாய்த்துவிட்டு ஒரு நெட்டை மனிதர் நின்றார். சத்தம் போடப்போகிறார் என்று அப்பா பயந்தார். அவரோ சட்டைப் பையிலிருந்து ஒரு ஸ்டொப்வாட்சை எடுத்து அப்பாவிடம் காட்டினார். "இது அரை மணித்தியாலம்தான் ஓடும். நாலு தரம் சுற்றிவிட்டது" என்று ஜேர்மனில் சொன்னார். சொல்லிவிட்டுப் படலையைத் திறந்து, கதிரைகளை இறக்குவதற்குத் தானும் வந்து கை கொடுத்தார்.

விளக்கேற்றினார்கள். பிறகு, ஊரில் போரில் இறந்தவர்களுக்காக ஒரு நிமிட மௌன அஞ்சலி. எல்லோரும் எழுந்து தலை குனிந்தோம். யாரோ ஜேர்மனில் சொல்ல, அந்த மனிதரும் தொப்பியைக் கழற்றிவிட்டு விறைப்பாக நின்றார். அஞ்சலி முடிந்து எல்லோரும் உட்கார்ந்த பிறகும் அவர் நின்றுகொண்டே இருந்தார். கொஞ்ச நேரத்தில் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு அப்பாவிடம் வந்தார்.

"ஒரு நிமிடம் என்றுதானே சொன்னார்கள்? இருபத்திரண்டு விநாடிதான் ஆனது."

எங்கள் விழாக்களில் ஒரு நிமிடம் என்பது அவ்வளவுதான். ஒலிவாங்கி பிடித்தவருக்கு எப்போது போதும் என்று தோன்றுகிறதோ, அப்போது நிமிடம் முடியும். யாருக்காக அஞ்சலி என்பதை அப்பா தனக்குத் தெரிந்த ஜேர்மனில் விளங்கப்படுத்தினார். ரூலொஃப் கேட்டுவிட்டு, "இவ்வளவு பேர் செத்திருக்கிறார்கள் என்றால் ஏன் இந்த அவசரம்?" என்றார்.

அப்பா, யாழ்ப்பாணத்துக் கொக்குவிலில் கணக்குப் படிப்பித்த சோதிலிங்கம் வாத்தியார், இந்தக் கேள்வியை வருடக்கணக்காக வீட்டில் சொல்லிக்கொண்டிருந்தார். முதலில் பகிடியாக. பிறகு அப்படி இல்லை.

ரூலொஃப் பிறந்தது 1942இல், நெதர்லாந்தின் கிழக்கே கரி மண் வெட்டுகிறவர்களின் கிராமம் ஒன்றில். அவருடைய அப்பாவைப் போர்க்காலத்தில் ஜேர்மன்காரர் பிடித்துக்கொண்டுபோய்த் தொழிற்சாலையில் கட்டாய வேலைக்கு விட்டிருந்தார்கள். அந்த மனிதரின் மகன் இருபத்திரண்டு வயதில் எல்லை தாண்டி ஜேர்மனிக்கு வேலைக்குப் போகிறேன் என்றால் வீட்டில் என்ன நடந்திருக்கும்? நாலு வருடம் தகப்பன் மகனோடு பேசவில்லை. காரணம் வேலை மட்டும் இல்லை. ஒரு கைப்பந்துப் போட்டிக்காக அந்த ஊர்ப்பக்கம் போன பீலெஃபெல்டுப் பெண்கள் அணியில் ஹன்னெலோர என்றொருத்தி, பின்னாளில் என் மாமியார், கோல் காத்திருக்கிறாள். இவர் ஒரு போட்டி பார்க்கப் போய், மூன்று நாளும் வெளியூர் அணிக்குக் கைதட்டிவிட்டு வந்திருக்கிறார். ஊரில் இது பெரிய கதையாகிவிட்டதாம்.

சைக்கிள் உதிரிப்பாகம் செய்யும் தொழிற்சாலையில் இருபத்தாறு வருடம் வேலை செய்தார். அது மூடப்பட்ட பிறகுதான் மைதானப் பராமரிப்பு. கடைசிவரைக்கும் நெதர்லாந்துக் கடவுச்சீட்டுத்தான். வெளிநாட்டவர் அலுவலகத்தில் மணிக்கணக்காக நிற்கவைக்கிறார்கள் என்று அப்பா புறுபுறுத்தால், "அந்த வரிசையில் நானும் நின்றவன்தான், அப்போது கதிரைகூடப் போடவில்லை" என்பார்.

விளையாட்டு என்றால் அவருக்குச் சோறு தண்ணி வேண்டாம். குளம் உறைந்தால் பனிச்சறுக்குச் சப்பாத்தோடு காலையிலேயே போய்விடுவார். கைப்பந்து, சைக்கிள் ஓட்டம், உதைபந்தாட்டம், எது நடந்தாலும் பக்கத்தில் இருப்பார். அப்பா அவருக்குத் துடுப்பாட்டத்தை, அதுதான் கிரிக்கெட்டை, விளங்கப்படுத்தினார். ஐந்து நாள் விளையாடியும் வெற்றி தோல்வி இல்லாமல் முடியலாம் என்று கேட்டதும் மனிதர் எழும்பி நின்றுவிட்டார். "ஐந்து நாள் கழித்து 'தெரியவில்லை' என்று சொல்ல எவ்வளவு நேர்மை வேண்டும்!" என்றார். இதை அவர் பகிடிக்குச் சொல்லவில்லை என்று நினைக்கிறேன்.

1974 உலகக் கிண்ண இறுதிப் போட்டியில் நெதர்லாந்து ஜேர்மனியிடம் தோற்றது. அடுத்த நாள் திங்கட்கிழமை. அவரைக் கிண்டலடிக்கத் தொழிற்சாலையில் எல்லோரும் காத்திருந்தார்களாம். இவர் செம்மஞ்சள் நிறக் கம்பளித் தொப்பியை அந்த ஜூலை வெயிலில் போட்டுக்கொண்டு போய், தன் பகுதியில் இருந்த அத்தனை பேரின் கையையும் பிடித்துக் குலுக்கி, "நன்றாக விளையாடினீர்கள்" என்று சொல்லியிருக்கிறார், ஏதோ அவர்கள்தான் இறங்கி விளையாடியதுபோல. அதே ஆள் 1988இல் நெதர்லாந்து ஜேர்மனியை அரையிறுதியில் வென்றபோது பல்கனியில் கொடியைக் கட்டி, சரியாக ஒரு நாள் விட்டு அவிழ்த்து வைத்தார். ஹன்னெலோர இன்னும் சொல்லிச் சிரிப்பார்.

அந்த ஸ்டொப்வாட்சின் கதையையும் சொல்லிவிட வேண்டும். பதினேழு வயதில் ஊர்ப் பனிச்சறுக்குப் போட்டியில் இவருக்கு இரண்டாமிடம். முதலிடம் வந்தவனுக்கு முழுப் பன்றித்தொடை ஒன்று பரிசு, இவருக்கு ஸ்டொப்வாட்ச். "அவன் அதை அந்தக் கிழமையே தின்று முடித்துவிட்டான். என்னுடையது இன்னும் ஓடுகிறது" என்று யார் கேட்டாலும் சொல்வார். கேட்காவிட்டாலும் சொல்வார்.

மூக்குக் கண்ணாடிக் கடையில் நான் தொழில் பழகியபோது பக்கத்து மேசையில் பழகிய பையனின் பெயர் யான். மைதானத்துத் திறப்புக்காரரின் மகன் என்று ஒரு வருடம் கழித்துத்தான் தெரிந்தது. வீட்டில் சொன்னபோது அம்மா இரண்டு நாள் சமைக்கவில்லை. அப்பாதான் கடைசியில், "ஒல்லாந்தர் எங்கடை யாழ்ப்பாணத்திலை கோட்டை கட்டிப்போட்டுப் போனவங்கள். அதுக்கு வாடகை எடுக்கிறதெண்டு நினைப்பம்" என்றார். 2003இல் கலியாணம் நடந்தது. ரூலொஃப் வேட்டி கட்டி, அது அவிழாமல் இருக்கச் சைக்கிள் பெல்ற் ஒன்றால் இறுக்கிக்கொண்டு, மணவறைக்கு முன்னால் நாலு மணித்தியாலம் அசையாமல் இருந்தார்.

மாமனாரைப் பெயர் சொல்லிக் கூப்பிட எனக்கு நாக்கு வரவில்லை. மாமா என்றால் அவருக்கு விளங்காது. அதனால் இரண்டு வருடம் நான் அவரை ஒன்றுமே சொல்லிக் கூப்பிடவில்லை. எதிரே போய் நின்றுதான் பேசுவேன். என் மகள் அனுக் பிறந்த பிறகு 'ஓப்பா' என்ற சொல் கிடைத்தது, நான் தப்பினேன். ஜேர்மன்காரரும் ஒல்லாந்துக்காரரும் தாத்தாவை அப்படித்தான் கூப்பிடுவார்கள். பிறகு கழகத்தில் எல்லோருக்கும் அவர் ஓப்பாதான். அனுக் என்பது ஒல்லாந்துப் பெயர், ஓப்பாவின் தெரிவு. அம்மா அதை அனுக்கா என்று நீட்டிச் செல்லம் ஆக்கிக்கொண்டார்.

கலியாணம் முடிந்து அடுத்த வருடம் மே நாலாம் திகதி அவர்கள் வீட்டுக்குப் போயிருந்தேன். இரவுச் சாப்பாடு முடிந்து பாத்திரம் கழுவிக்கொண்டே நான் வளவளவென்று கதைத்துக்கொண்டிருக்கிறேன், ஒருவரும் பதில் சொல்லவில்லை. திரும்பிப் பார்த்தால் குசினி நடுவில் ஓப்பாவும் ஹன்னெலோரவும் பக்கத்தில் பக்கத்தில் நேராக நிற்கிறார்கள். எனக்குப் பயமாகப் போய்விட்டது. போரில் இறந்தவர்களுக்காக அந்த நாள் இரவு எட்டு மணிக்கு நெதர்லாந்து முழுவதும் இரண்டு நிமிடம் அப்படியே நிற்குமாம். கார்கள் நிற்கும், ரயில்கள்கூட நிற்கும். இவர் நாற்பது வருடமாகப் பீலெஃபெல்டுக் குசினியில் நிற்கிறார். பக்கத்தில் ஜேர்மன் மனைவியும் நிற்கிறார். நான் மன்னிப்புக் கேட்டேன். "உனக்குத் தெரியாதே" என்றார். அடுத்த வருடத்திலிருந்து நானும் நின்றேன்.

கழகத்துக்கு நேரம் பிடிப்பதும் முடிவுக் கோட்டில் நடுவராக நிற்பதும் அவர் வேலை என்று எப்போது முடிவானது என்று யாருக்கும் ஞாபகம் இல்லை. நாங்கள் வருடா வருடம் ஒன்பது மணி என்று அடிப்போம், அவர் ஒன்பதுக்கு நிற்பார், நாங்கள் பதினொன்றுக்குப் போவோம். எனக்காகவும் யானுக்காகவும்கூட அவர் காத்திருக்க மாட்டார். தமிழில் நாலு சொல் பழகியிருந்தார்: "ஆயத்தம்", "பிழை", "சரி", "தேத்தண்ணி". இவற்றை வைத்துக்கொண்டே இருநூறு பிள்ளைகளை நாள் முழுக்க ஓடவிட்டார். மௌன அஞ்சலியையும் விடாமல் அளந்தார். பத்தொன்பது, இருபத்தாறு, ஒரு வருடம் முப்பத்தொன்று. "முன்னேற்றம்" என்று எனக்கு வந்து சொல்லிவிட்டுப் போனார்.

2005இல் கழகம் அவருக்குப் பொன்னாடை போர்த்தியது. அதைப் பெட்டியில் வைத்துக்கொள்ள வேண்டும் என்று நான் சொல்ல மறந்துவிட்டேன். அந்தக் குளிர்காலம் முழுவதும் கழுத்தில் சுற்றிக்கொண்டு பனிச்சறுக்குப் பார்க்கப் போனார்.

2013இல் எட்டு வயது அனுக் ஐம்பது மீற்றர் ஓடினாள். முதலாவதாகத்தான் வந்தாள். ஆனால் பாதியில் பக்கத்துக் கோட்டுக்குள் கால் வைத்துவிட்டாள். ஓப்பா சிவப்புக் கொடியைத் தூக்கி, "பிழை" என்றார், தமிழில், மைதானம் முழுக்கக் கேட்கிறமாதிரி. சொந்தப் பேத்தி! பிள்ளை அழுத அழுகையில் எனக்கு ரத்தம் கொதித்தது. மூன்று கிழமை நான் அவரோடு முகம் கொடுத்துப் பேசவில்லை. ஆனால் அன்றைக்குப் பிறகு எங்கள் ஆட்கள் முடிவுக் கோட்டில் நின்று சண்டை பிடிப்பது அடியோடு நின்றுபோனது. அதற்கு முன்னர் ஒவ்வொரு ஓட்டத்துக்கும் ஒரு பஞ்சாயத்து நடக்கும். "பேத்திக்கே பிழை சொன்ன மனுசன்" என்று சொன்னால் போதும், தகப்பன்மார் திரும்பிப் போய்விடுவார்கள். முப்பது வருடத்தில் அவருக்கு வேறு பட்டம் ஒன்றும் கிடைக்கவில்லை. இதைவிடப் பெரிதாக எதையும் அவர் கேட்டிருக்கவும் மாட்டார்.

அந்தப் பெயருக்குத்தான் 2022இல் நான் குழி தோண்டப் பார்த்தேன்.

கொரோனாவுக்குப் பிறகு வந்த முதல் விழா. ஓப்பாவுக்கு எண்பது. அந்த வசந்த காலத்திலேயே கோப்பியைக் கோப்பைக்கு வெளியே ஊற்றத் தொடங்கியிருந்தார். கண் பார்க்க வாருங்கள் என்று கடைக்குக் கூப்பிட்டேன். வந்தார், எழுத்துப் பலகையைக் கடைசி வரிவரைக்கும் கடகடவென்று வாசித்தார். இருபது வருடமாக அதே பலகை. அவருக்கு அது மனப்பாடம் என்று எனக்குத் தெரிந்தது. தெரிந்தும் பேசாமல் விட்டேன்.

பன்னிரண்டு வயதுக்குட்பட்ட பெண்களுக்கான நூறு மீற்றர் ஓட்டத்தில் இரண்டு பிள்ளைகள் கிட்டத்தட்ட ஒன்றாக வந்தார்கள். ஒருத்தி லக்சிகா, கழகத் தலைவர் சதீசனின் மகள். மற்றவள் தேனுஜா. அவளுடைய தாய் கொறற்றி அக்காதான் விழாவில் எங்களுக்கெல்லாம் ரோல்ஸும் கொத்துரொட்டியும் போடுகிறவர். ஓப்பா லக்சிகாவின் கையைத் தூக்கினார். தேனுஜா வாயைத் திறந்தாள், ஓப்பாவைப் பார்த்தாள், மூடிக்கொண்டாள்.

அரை மணித்தியாலத்தில் ஒரு ஃபோன் வீடியோ சமையல் கூடாரத்துக்கு வந்தது. தேனுஜாவின் நெஞ்சு நன்றாகவே முன்னுக்கு நின்றது. யாரோ, "தலைவற்றை மகளெல்லோ" என்று முணுமுணுத்தது என் காதில் விழுந்தது. சதீசனின் முகம் கறுத்துவிட்டது.

"என்ரை பிள்ளை ரெண்டாவதெண்டா ரெண்டாவதுதான். எனக்கு அதிலை ஒண்டுமில்லை" என்றார் சதீசன். "ஆனா ஓப்பாட்டை இதை ஆர் போய்ச் சொல்லுறது?"

"எண்பது வயது மனுசன். முப்பது வருசமாப் பிழை விடாத ஆள். கண் தெரியேல்லை எண்டு முகத்துக்கு நேர சொல்ல ஏலுமே?" என்றார் ஒலிவாங்கி பிடிக்கும் தியாகு அண்ணை.

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். மருமகள், கண்ணாடிக் கடைக்காரி, வேறு யார் சொல்வது?

"சொல்லாதேங்கோ" என்றேன் நான். "இன்னொரு முதலாமிடக் கப் செய்விச்சுத் தேனுஜாவுக்குக் குடுப்பம். அந்தாள் அறியத் தேவையில்லை."

கொறற்றி அக்கா எண்ணெய்ச் சட்டியைவிட்டுத் திரும்பவில்லை. "ஓம், அந்தக் கிழவனை நோகப்பண்ண வேண்டாம்" என்றார். அவருடைய குரல் எப்படி இருந்தது என்று நான் கவனித்திருக்க வேண்டும். எங்களில் ஒருவருக்கும் இதில் பிழை எதுவும் தெரியவில்லை. வயதானவரின் மரியாதையைக் காப்பாற்றிவிட்டோம் என்ற நிம்மதியில் ஆளுக்கு இரண்டு ரோல்ஸ் சாப்பிட்டோம்.

மூன்று கிழமை கழித்து, ஒரு செவ்வாய்க்கிழமை காலை ஓப்பா எங்கள் கடைக்கு வந்தார். மருமகளின் கடை என்று உள்ளே வராமல், இலக்கம் எடுத்துக்கொண்டு முறை வரும்வரை கதிரையில் இருந்தார். கண் பார்க்கும் இருட்டறைக்குள் கூட்டிப்போனேன். பலகையைப் பார்த்ததும் கையை உயர்த்தினார்.

"இது வேண்டாம். இது எனக்குப் பாடம். வேறு போடு."

வேறு போட்டேன். மூன்றாவது வரியில் நின்றுவிட்டார். நாலாவது வரியை நீண்ட நேரம் பார்த்தார். பிறகு, "தெரியவில்லை" என்றார். தன்னைப் பற்றி அவர் அந்தச் சொல்லைச் சொல்லி நான் அதற்கு முன்பு கேட்டதில்லை.

"தேனுஜாவின் சைக்கிளுக்குச் செயின் மாட்டப் போயிருந்தேன். மேசையில் ஒரு கப் இருந்தது. நூறு மீற்றர், முதலாமிடம், இந்த வருடம். நான் கேட்டேன். பிள்ளை பொய் சொல்லவில்லை. யார் முதலில் வந்தது, சாரங்கா?"

"தேனுஜா."

"உனக்கு எப்போது தெரியும்?"

"அன்றைக்கே தெரியும்."

"எனக்குச் சொல்ல வேண்டாம் என்று யார் சொன்னது?"

"நான்தான்." எனக்கும் கோபம் வந்துவிட்டது. "உங்கள்மேல் உள்ள மரியாதையில்தான் செய்தோம். எங்கள் ஊரில் வயது போனவர்களின் முகத்துக்கு நேரே பிழை சொல்ல மாட்டோம்."

அவர் கத்தவில்லை. கத்தியிருந்தால் நானும் கத்தியிருப்பேன். "எனக்குக் கண் தெரியவில்லை, அதனால் பிழை விட்டேன்" என்றார். "உங்களுக்குத் தெரிந்தது. மூன்று கிழமையாக அந்தப் பிள்ளை வென்றதை ஒளித்து வைத்திருக்கிறாள், எனக்காக. செத்தவர்களுக்குத்தான் இப்படிச் செய்வார்கள். நான் இன்னும் சாகவில்லை."

சொல்லிவிட்டு எழுந்தார். வாசலில் கதவின் பிடியைத் தேடி அவர் கை இரண்டு தரம் தடவியது. நான் அந்த இருட்டு அறையில் இருந்து அழுதேன். வெட்கத்தில் அழுவது எப்படி என்று அன்றுதான் தெரிந்தது.

அவர் அதோடு விடவில்லை. ஒக்ரோபரில் எங்கள் வாணி விழா. மண்டபத்தில் முந்நூறு பேர். பாட்டுக்கும் நடனத்துக்கும் இடையில் மேடையேறித் தியாகு அண்ணையிடம் ஒலிவாங்கியைக் கேட்டு வாங்கினார். என்னைக் கூப்பிட்டார், மொழிபெயர்க்கச் சொன்னார். நான் தப்பி ஓட முடியாதபடிதான் கூப்பிட்டார் என்று இப்போதும் நினைக்கிறேன்.

"ஜூலையில் நடந்த நூறு மீற்றரில் நான் பிழையான தீர்ப்புச் சொன்னேன்" என்றார். "தேனுஜா முதலாவது. லக்சிகா இரண்டாவது. தேனுஜாவிடம் எல்லோர் முன்னாலும் மன்னிப்புக் கேட்கிறேன். என் கண் இனி முடிவுக் கோட்டுக்குப் போதாது. அது என் பிழை இல்லை. பார்க்க முடிந்ததாக நடித்தது என் பிழை."

ஒவ்வொரு வரியையும் நான் தமிழில் சொன்னேன். பிறகு என் பங்குக்கு அவர் சொல்லாத ஒன்றையும் சேர்த்துச் சொன்னேன்: "ஓப்பாவுக்குச் சொல்ல வேண்டாமெண்டு சொன்னது நான்தான். பிழை என்ரை." ஓப்பா ஜேர்மனில், "என்ன சொன்னாய்?" என்று கேட்டார். சொன்னேன். "சரி" என்றார், தமிழில்.

தேனுஜா மேடைக்கு வந்தாள். மண்டபம் எழுந்து நின்று கைதட்டியது. கொறற்றி அக்கா முன்வரிசையில் இருந்து முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டிருந்தார். ஓப்பா முன்னரே சதீசனிடம் சொல்லிவைத்திருந்தாராம், லக்சிகா கப்பைத் திருப்பிக் கொடுக்கக் கொண்டு வந்திருந்தாள், முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டு. ஓப்பா கப்பை வாங்கிக்கொண்டு, சட்டைப் பையிலிருந்து ஸ்டொப்வாட்சை எடுத்து அவள் கையில் வைத்தார்.

"இது இரண்டாமிடத்துப் பரிசு. எனக்கும் அப்படித்தான் கிடைத்தது."

அறுபத்து மூன்று வருடம் அவரிடம் இருந்த பொருள். யானுக்கும் கொடுக்கவில்லை, அனுக்குக்கும் கொடுக்கவில்லை. எனக்கு ஒரு கணம் வயிறு எரிந்தது, மறைக்க மாட்டேன். பிறகு அந்தப் பிள்ளையின் முகத்தைப் பார்த்தேன், எரிச்சல் போய்விட்டது.

நடுவர் பதவிதான் போனது, ஆள் போகவில்லை. அடுத்த வருடம் அவரைப் பிரதம விருந்தினராகக் கூப்பிட்டு முன்வரிசையில் இருத்தக் கழகம் தீர்மானித்தது. இந்தத் தரம் நான் பாடம் படித்திருந்தேன். நேரே போய்க் கேட்டேன். "கதிரையில் இருந்தால் எனக்கு நித்திரை வரும். வேறு வேலை இல்லையா?" என்றார். நீளம் பாய்தலின் மணல் கிடங்கைச் சமப்படுத்தும் வேலை இருந்தது. அதற்குக் கண் அவ்வளவு தேவையில்லை, கை போதும். 2023இலும் 2024இலும் நாள் முழுக்க மணல்வாரியோடு நின்றார். ஒவ்வொரு பிள்ளை பாய்ந்த பிறகும் வந்து, அந்தக் கால் தடத்தை மூடி, அடுத்த பிள்ளைக்கு மணலை மேசைபோல ஆக்கிக் கொடுத்தார். எண்பத்திரண்டு வயதில். எங்கள் இளவட்டங்களிடம் கேட்டால் அந்த வேலைக்கு நாரிப்பிடிப்பு, குனிய ஏலாது என்று சொல்லியிருப்பார்கள்.

இந்த வருடம் பெப்ரவரியில் ஒரு சனிக்கிழமை மத்தியானம், தொலைக்காட்சியில் பனிச்சறுக்குப் போட்டி போய்க்கொண்டிருந்தபோது அவர் இறந்தார். படம் தெளிவாகத் தெரியாது என்றாலும் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு இருப்பார். ஹன்னெலோர கோப்பி ஊற்றப் போயிருந்தார். கடைசிச் சுற்றுக்கு அடிக்கும் மணி குசினிவரை கேட்டதாம். வந்து பார்த்தபோது எல்லாம் முடிந்திருந்தது. "ஆனால் போட்டி முடியும்வரை நான் தொலைக்காட்சியை நிறுத்தவில்லை. நிறுத்தினால் அவருக்குப் பிடிக்காது" என்றார் அந்தப் பெண்மணி. நான் அவரைக் கட்டிப்பிடித்துக்கொண்டேன். அடக்கத்துக்கு நூறு பேர் வருவார்கள் என்று கணக்குப் போட்டிருந்தோம். தமிழர் மட்டும் இருநூற்றுக்கு மேல் வந்தார்கள். கேக்கும் கோப்பியும் வைத்திருந்த மேசையில் கொறற்றி அக்கா நானூறு ரோல்ஸைக் கொண்டுவந்து வைத்தார்.

ஜூலை வந்தது. விளையாட்டு விழா. ஒன்பது மணி என்று அடித்திருந்தார்கள். எட்டே முக்காலுக்கே நானும் யானும் அனுக்கும் போய் நின்றோம். படலையில் எங்களுக்கு முன்னரே இருபது முப்பது பேர் நின்றார்கள், சதீசன் உட்பட.

விளக்கேற்றினார்கள். ஊரில் இறந்தவர்களுக்கும் ஓப்பாவுக்கும் சேர்த்து ஒரு நிமிட மௌன அஞ்சலி என்று தியாகு அண்ணை அறிவித்தார். லக்சிகா என்னிடம் வந்தாள். இப்போது அவளுக்குப் பதினாலு வயது, நான் அந்தப் படலையில் அவரை முதன்முதலில் பார்த்த வயது. கையில் ஸ்டொப்வாட்ச்.

"அன்ரி, நீங்கள் பிடியுங்கோ. எனக்கு ஏலாது."

பொத்தானை அமத்தினேன். இருபது விநாடியில் தியாகு அண்ணை பழக்கதோஷத்தில் ஒலிவாங்கியை வாய்க்குக் கொண்டுபோனார். நான் வேண்டாம் என்று தலையை ஆட்டினேன், இறக்கிவிட்டார். முப்பது விநாடி. ஒரு குழந்தை சிணுங்கியது. நாற்பது. மணல் கிடங்கில் யாரோ அவருடைய மணல்வாரியை நட்டு வைத்திருந்தார்கள், அதை அப்போதுதான் பார்த்தேன். அதற்குப் பிறகு முள்ளும் தெரியவில்லை, இலக்கமும் தெரியவில்லை, எல்லாம் தண்ணீராகிவிட்டது. போதும் என்று நினைத்து அமத்தித் தலையை அசைத்தேன்.

"நன்றி. எல்லாரும் இருங்கோ" என்றார் தியாகு அண்ணை. நானூறு பேர் உட்கார்ந்தார்கள்.

கண்ணைத் துடைத்துவிட்டு முள்ளைப் பார்த்தேன். ஐம்பத்தெட்டு.

யாருக்குத் தெரியப்போகிறது? எங்கள் விழாக்களில் இவ்வளவு நேரம் ஒருவரும் நின்றதே இல்லை. லக்சிகா மட்டும் என் கையை எட்டிப் பார்த்தாள். அவளும் எங்கள் பிள்ளைதானே, அழுதுகொண்டிருக்கிற அன்ரிக்குப் பிழை சொல்வாளா?

நான் ஸ்டொப்வாட்சை அவள் கையில் வைத்துவிட்டு, மேடைக்கு நடந்து போய் ஒலிவாங்கியை வாங்கினேன்.

"பிழை" என்றேன். "ஐம்பத்தெட்டுச் செக்கன்தான் ஆனது. நான் நேரத்துக்கு முந்தி அமத்திப்போட்டன். இன்னும் ரெண்டு செக்கன் கிடக்கு. தயவுசெய்து எல்லாரும் எழும்புங்கோ."

பின்வரிசையில் யாரோ சிரித்தார்கள், அந்தச் சிரிப்பு அழுகையாகப் போனதும் கேட்டது. கொறற்றி அக்கா அகப்பையோடு கூடாரத்துக்கு வெளியே வந்து நின்றார். ஹன்னெலோர யானின் கையைப் பிடித்து எழும்பினார். கதிரைகள் சரசரக்க நானூறு பேரும் மறுபடி எழுந்து, தலை குனிந்து, மிச்சம் இருந்த இரண்டு விநாடியும் நின்றார்கள்.

லக்சிகாதான் முள்ளைப் பார்த்துக்கொண்டிருந்தாள். "சரி" என்றாள்.